கருவியும் கூட்டு வேலையும்: பெங்களூரில் நர்ஸிங் படிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் ஒரு நர்ஸிங் கல்லூரியில் 17 வருடமாகப் பாடம் எடுக்கிறேன். என் வகுப்பில் பாதிக்குமேல் தமிழ் பேசும் பிள்ளைகள். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கமிருந்து வந்து ஹாஸ்டலில் தங்குபவர்கள் உண்டு. தங்கவயலிலிருந்து விடிகாலை ரயிலைப் பிடித்து வருபவர்கள் உண்டு. அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராம்புரம் பிள்ளைகளும் உண்டு. சில வருடங்களாகச் சனிக்கிழமை மதியங்களில் எங்கள் மாணவர்களை ஃபார்மசி, பயோமெடிக்கல் இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களோடு ஒரே கட்டிலைச் சுற்றி நிற்க வைத்துப் பயிற்சி தருகிறோம். அதைப் பற்றி மாணவர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நர்ஸிங் படிப்பில் கம்ப்யூட்டர் பாடம் எதற்கு? ஊசி போடவும் நோயாளியைப் பார்த்துக்கொள்ளவும் கற்றால் போதாதா?

இது கல்லூரிகள் தாங்களாகச் சேர்த்த பாடம் கிடையாது. இந்திய நர்ஸிங் கவுன்சில் 2021-ல் பி.எஸ்சி. நர்ஸிங் பாடத்திட்டத்தைத் திருத்தி, 8 செமஸ்டர் கொண்டதாக மாற்றியது. அதில் இரண்டாம் செமஸ்டரிலேயே சுகாதாரத் தகவலியலும் தொழில்நுட்பமும் தனிப் பாடமாக வருகிறது.

காரணம் தெரிய வேண்டுமென்றால் இங்கே ஏதாவது ஒரு பெரிய மருத்துவமனையின் ஐசியூவில் ஒரு ஷிப்ட் நின்று பாருங்கள். மானிட்டர், வென்டிலேட்டர், ஒரே நோயாளிக்கு மருந்தைச் சிறுகச் சிறுக அளந்து செலுத்தும் மூன்று நான்கு சிரிஞ்ச் பம்ப், கையில் பார்கோடு பட்டை, திரையில் வரும் லேப் ரிப்போர்ட், ஒவ்வொரு மருந்தையும் கொடுத்ததாகக் கம்ப்யூட்டரில் பதிவு. நோயாளியைப் பார்த்துக்கொள்வது இன்று இவற்றின் வழியாகத்தான் நடக்கிறது.

சரி, கருவியை இயக்கக் கற்றுக்கொள்கிறோம். அதற்கு ஏன் இன்ஜினியரிங், ஃபார்மசி மாணவர்களோடு சேர்ந்து படிக்க வேண்டும்?

எனக்கு மிகவும் முக்கியமான கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2010-ல் இதற்கென ஒரு வழிகாட்டி வெளியிட்டது. இரண்டோ அதற்கு மேற்பட்டோ தொழில்களைச் சேர்ந்தவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்பதுதான் கூட்டுக் கல்வி என்கிறது அது. மூன்றும் இருக்க வேண்டும். ஒரே ஹாலில் 200 பேரை உட்கார வைத்து ஒரு டாக்டர் சொற்பொழிவு நடத்தினால் கூட இருந்தது மட்டும்தான் நடக்கும். யாரும் யாரிடமும் எதுவும் கற்றிருக்க மாட்டார்கள்.

எங்கள் சனிக்கிழமை வகுப்பு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். சிரிஞ்ச் பம்ப் ஒன்றில் அடைப்பு அலாரம் அடித்தது. எங்கள் மூன்றாம் வருட மாணவி உடனே அலாரத்தை அமைதியாக்கினாள், ட்யூபில் மடிந்திருந்த இடத்தை நேராக்கினாள், மறுபடி ஸ்டார்ட் அழுத்தினாள். 20 நொடியில் வேலை முடிந்தது. நாங்களே அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தோம்.

பக்கத்தில் நின்ற பயோமெடிக்கல் மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: “அக்கா, மணிக்கு ஒரு மில்லி வேகத்தில்தானே ஓடிக்கொண்டிருந்தது? அப்படியென்றால் அடைப்பு எப்போதோ வந்திருக்கும். ட்யூபுக்குள் அழுத்தம் ஏறி, குறிப்பிட்ட அளவைத் தொட்ட பிறகுதான் அலாரம் அடிக்கும். வேகம் குறையக் குறைய அதற்கு ஆகும் நேரம் கூடும்.” அப்படியானால் அவ்வளவு நேரமும் நோயாளிக்கு மருந்து போகவில்லை. வகுப்பே அமைதியாகிவிட்டது. அவன் இன்னொன்றும் சொன்னான். மடிப்பை அப்படியே எடுத்துவிட்டால், உள்ளே அழுத்தத்தில் நின்ற மருந்து மொத்தமாக ஒரே தள்ளாக உடம்புக்குள் போகும். அது நார்அட்ரீனலின் என்றால் என்ன ஆகும் என்று ஃபார்மசி மாணவி சொன்னாள்: பிபி சட்டென்று மேலே பாயும். ஆகவே நோயாளியின் பக்கம் குழாயை மூடிவிட்டு, அழுத்தத்தை முதலில் இறக்கிவிட்டுத்தான் அடைப்பைச் சரி செய்ய வேண்டும்.

கதை அதோடு நிற்கவில்லை. “இந்த ட்யூப் எப்படி மடியும்? படத்தில் நேராகத்தானே போகிறது?” என்று அதே பையன் கேட்டான். எங்கள் மாணவி கட்டில் கம்பியை ஏற்றி இறக்கிக் காட்டினாள். இரண்டு மணி நேரத்துக்கொரு முறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பதையும், அப்போது ட்யூப் தோளுக்கு அடியில் போய் மாட்டிக்கொள்வதையும் செய்து காட்டினாள். பம்ப் வடிவமைக்கும் படிப்பு படிக்கிற பையன், நோயாளியைத் திருப்பிப் போடுவார்கள் என்பதையே அன்றுதான் நேரில் பார்த்தான். ஆளுக்கொரு துண்டு தெரியும். நோயாளிக்குத் தேவைப்படுவதோ முழுசு. அதற்காகத்தான் சேர்ந்து படிப்பது.

இதை வேலைக்குப் போன பிறகு கற்றுக்கொள்ளக் கூடாதா?

கற்றுக்கொள்ளலாம். ஆனால் அதற்குள் ஒருவரைப் பற்றி ஒருவருக்கு ஒரு முடிவு வந்துவிடும். நர்ஸ் என்றால் சொன்னதைச் செய்பவர், ஐடி ஆள் என்றால் போனை எடுக்காதவர், பயோமெடிக்கல் என்றால் ‘பார்க்கிறோம்’ என்று சொல்லிவிட்டு வராதவர். இந்த முடிவுகள் ஊறிய பிறகு பிரிப்பது கஷ்டம். 20 வயதில் கூடப் படித்தவர்களுக்குள் அந்தச் சுவர் எழும்புவதில்லை.

எனக்கு வருத்தம் தருவது ஒன்று உண்டு. கர்நாடகத்தில் நர்ஸிங், ஃபார்மசி, பிசியோதெரபி, மருத்துவம் எல்லாம் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் என்ற ஒரே குடையின் கீழ்தான் பெரும்பாலும் நடக்கின்றன. இருந்தும் இந்த மாணவர்கள் நான்கு வருடத்தில் ஒருமுறைகூட ஒரு மேசையில் உட்காராமல் பட்டம் வாங்கிவிட முடிகிறது. இன்ஜினியரிங் பிள்ளைகள் வேறு பல்கலைக்கழகம், வேறு தேர்வு அட்டவணை. எங்களுக்குச் சனிக்கிழமை மதியம் கிடைப்பதே இரண்டு கல்லூரி முதல்வர்கள் மனது வைத்ததால்தான்.

மெஷின் காட்டும் எண்ணை நம்பலாமா, கூடாதா?

எண்ணைப் பாருங்கள், அப்புறம் நோயாளியைப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நோயாளியின் பக்கம் நில்லுங்கள்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை எடுத்துக்கொள்வோம். கொரோனா காலத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு இருக்கிறது. கை சில்லிட்டிருந்தால், பிபி மிகவும் இறங்கியிருந்தால், நகப்பூச்சு இருந்தால், கல்யாண வீட்டு மருதாணி அடர்த்தியாக இருந்தால் அளவு தவறலாம். 2020 டிசம்பரில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, உடம்பில் ஆக்ஸிஜன் குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டத் தவறுவது வெள்ளையர்களைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய 3 மடங்கு அதிகம் என்று கண்டது. கருவி ஒளியைத் தோல் வழியே செலுத்தி அளக்கிறது, தோலின் நிறமியும் அந்த ஒளியை உறிஞ்சுகிறது. நம் ஊர் நோயாளிகளில் எத்தனை பேருக்குக் கறுத்த தோல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. திரையில் 95 இருக்கிறது, ஆனால் அம்மா ஒரு வாக்கியத்தை முடிக்க மூச்சு வாங்குகிறார் என்றால், அந்த 95-ஐப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். டாக்டரைக் கூப்பிடுங்கள், ரத்த வாயுப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள்.

கருவியே தவறு செய்து நோயாளிக்குக் கெடுதல் நடந்தது உண்டா?

உண்டு. தெரக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியைப் பற்றி எல்லா மாணவர்களுக்கும் சொல்கிறேன். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் அந்தக் கருவியால் 6 நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். சிலர் உயிரிழந்தார்கள். திரையில் ‘மால்ஃபங்ஷன் 54’ என்று ஒரு வரி வரும். அதற்கு என்ன பொருள் என்று இயக்குபவருக்கான கையேட்டில் விளக்கம் இல்லை. ‘பி’ என்ற விசையை அழுத்தினால் சிகிச்சை தொடரும். அடிக்கடி இப்படிச் சின்னச் சின்னப் பிழைச் செய்தி வந்து பழகிப்போனதால், இயக்குபவர்களும் அழுத்தித் தொடர்ந்தார்கள்.

டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் 1986-ல் இரண்டு விபத்துகள் நடந்தன. முதல் விபத்துக்குப் பிறகு வந்து சோதித்த இன்ஜினியர்களால் அந்தப் பிழையைத் திரும்ப வரவைக்க முடியவில்லை. கருவி நன்றாக இருக்கிறது என்றார்கள். இரண்டாவது விபத்துக்குப் பிறகு மருத்துவமனையின் இயற்பியலாளரும் கருவியை இயக்கிய பெண்ணும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். அவர் அன்று என்னென்ன செய்தார், எந்த வரிசையில் செய்தார் என்று திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். கடைசியில் பிடிபட்டது. தினமும் தட்டித் தட்டிப் பழகிய அவர் கை வேகமாகத் திருத்தம் செய்யும்போது மட்டும்தான் மென்பொருள் தடுமாறியது. மெதுவாகத் தட்டிப் பார்த்தவர்களுக்கு அது தெரியவே வழியில்லை.

வருடா வருடம் இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் மாறிவிடும். அந்தப் பெண்ணின் கை வேகம்தான் தடயம். அது எந்த வரைபடத்திலும் இல்லை. முதல் விபத்தன்றே அவரையும் கூட வைத்துக்கொண்டு சோதித்திருந்தால் இரண்டாவது நோயாளி தப்பியிருக்கலாம்.

நர்ஸ் சொல்லித் தொழில்நுட்பம் மாறியதாக எடுத்துக்காட்டு உண்டா? எங்கள் பேச்சை யார் கேட்பார்கள்?

மருந்து கொடுக்கும்போது நோயாளியின் கைப்பட்டையையும் மருந்தையும் ஸ்கேன் செய்கிறோமே, அந்த யோசனையே ஒரு நர்ஸிடமிருந்து வந்ததுதான். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில், கான்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகரில் வேலை பார்த்த சூ கின்னிக் என்பவர், 1992-ல் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கப் போனார். அங்கிருந்த ஊழியர் கையடக்கக் கருவியால் காரின் பார்கோடை ஸ்கேன் செய்து கணக்கை முடித்தார். காருக்குச் செய்ய முடிந்ததை நோயாளிக்கு ஏன் செய்யக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. மருத்துவமனையின் கம்ப்யூட்டர் ஆட்களும் ஃபார்மசியும் சேர்ந்து அதைச் செய்தார்கள். பிறகு அந்த நாட்டின் எல்லாப் படைவீரர் மருத்துவமனைகளுக்கும் அது போனது.

இதன் மறுபக்கத்தையும் மாணவர்களுக்குக் காட்டுகிறேன். 2008-ல் அமெரிக்க மருத்துவமனைகளில் இதே பார்கோடு முறையை ஆராய்ந்தவர்கள், நர்ஸ்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகும் 15 வகைக் குறுக்கு வழிகளையும் அவற்றுக்கு 31 காரணங்களையும் பட்டியலிட்டார்கள். படிக்க முடியாமல் கசங்கிய பார்கோடு, தீர்ந்துபோன பேட்டரி, விட்டுப்போகும் நெட்வொர்க், நனைந்த கைப்பட்டை, இப்படி. நர்ஸ்களின் சோம்பல் என்று அதை ஒதுக்கிவிடுவது எளிது. ஒரு குறுக்கு வழியைப் பார்த்தால் ‘ஏன் இப்படிச் செய்ய வேண்டிவந்தது’ என்று கேட்கச் சொல்லித் தருகிறோம். அந்தக் கேள்விக்குப் பதில் நர்ஸிடம் இருக்கிறது, அதைச் சரிசெய்யும் வழி கம்ப்யூட்டர் ஆளிடம் இருக்கிறது.

நம்மூர் நோயாளிகளுக்கென்று தனியாக ஏதாவது சிக்கல் வருமா?

பெயர்! வெளியூரில் செய்த மென்பொருளில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். கடைசிப் பெயரை நிரப்பாமல் நகர விடாது. கிருஷ்ணகிரியிலிருந்து வரும் எம். லட்சுமிக்குக் கடைசிப் பெயர் என்ன? ஒருவர் ‘எம்’ என்று போடுவார், இன்னொருவர் அப்பா பெயரைப் போடுவார், மூன்றாமவர் கணவர் பெயரைப் போடுவார், நான்காமவர் ஒரு புள்ளி வைத்துத் தாண்டிப் போவார். ஒரே அம்மா மூன்று பெயரில் மூன்று பதிவாக இருப்பார். பழைய ஒவ்வாமைக் குறிப்பு ஒரு பதிவில், இன்றைய மருந்துச் சீட்டு இன்னொரு பதிவில்.

நான் பணிபுரிந்த ஒரு மருத்துவமனையில், பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் இரண்டு லட்சுமி இருந்தார்கள். ஒருவருக்கு எடுத்த ரத்த மாதிரியின் ரிசல்ட் மற்றவர் பெயரில் ஏறிவிட்டது. நல்லவேளையாக, ஹீமோகுளோபின் திடீரென்று ஐந்து புள்ளி குறைந்ததைப் பார்த்துச் சந்தேகப்பட்ட இரவு டியூட்டி நர்ஸ், ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே நிறுத்திவிட்டார்.

இந்தப் பெயர்ச் சிக்கலைக் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களிடம் கொடுத்தோம். முதலில் சாதாரண விஷயம் என்று நினைத்தார்கள். அரை மணி நேரம் எங்கள் பிள்ளைகள் வரிசையாக எடுத்துக்காட்டு சொன்னதும் முகம் மாறிவிட்டது. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் வரும் ஆபா என்ற 14 இலக்கச் சுகாதார அடையாள எண் இதில் உதவும். ஆனால் மயக்கத்தில் வரும் நோயாளி எண்ணைச் சொல்ல மாட்டார். ஆகவே பெயரோடு பிறந்த தேதியோ மருத்துவமனைப் பதிவு எண்ணோ சேர்த்து இரண்டு அடையாளம் பார்க்கும் பழக்கம் கை விட்டுப் போகவே கூடாது. ‘நீங்கள்தானே லட்சுமி?’ என்று கேட்டால் அரைத்தூக்கத்தில் யாரும் தலையாட்டுவார்கள். ‘உங்கள் பெயர் என்னம்மா?’ என்று கேளுங்கள்.

நான் தமிழ் மீடியம். டாக்டர், இன்ஜினியர் முன்னால் ஆங்கிலத்தில் பேச வராது. என்ன செய்வது?

ஆங்கிலம் பேச வராததைவிட, எதை முதலில் சொல்வது என்று தெரியாததுதான் பெரும்பாலும் தடுக்கிறது. அதற்கு ‘எஸ்-பார்’ என்ற முறையைப் பழக்குகிறோம். நிலைமை, பின்னணி, உங்கள் மதிப்பீடு, உங்கள் வேண்டுகோள். நான்கே படிகள். முதலில் தமிழிலேயே சொல்லிப் பழகுங்கள்:

“டாக்டர், மூன்றாம் வார்டிலிருந்து பேசுகிறேன். 12-ம் பெட் நோயாளிக்கு மேல் பிபி 110-லிருந்து 80-க்கு இறங்கிவிட்டது. காலையில் குடல் ஆபரேஷன் ஆனவர். ஆபரேஷன் இடத்தில் வைத்த வடிகுழாயில் ரத்தம் கூடியிருக்கிறது, வயிறு உப்பலாக இருக்கிறது, உள்ளே ரத்தக்கசிவோ என்று நினைக்கிறேன். நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும்.”

இது வந்துவிட்டால் ஆங்கிலத்தில் மாற்ற இரண்டு வாரம் போதும். மாணவர்கள் தடுமாறும் இடம் மூன்றாவது படி. ‘நான் என்ன நினைக்கிறேன் என்று சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாதா மேடம்?’ என்று கேட்பார்கள். ஆகாது. அதைச் சொல்லத்தான் நான்கு வருடம் படிக்கிறீர்கள்.

பயோமெடிக்கல் ஆட்களைக் கூப்பிடும்போது ‘பம்ப் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். கருவியில் ஒட்டியிருக்கும் எண், திரையில் வந்த செய்தி எழுத்துக்கு எழுத்து, அப்போது ஓடிய வேகம், அந்த நேரம் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். இவ்வளவும் சொன்னால் அவர்கள் வரும் வேகமே வேறு. முதலில் நோயாளியை வேறு கருவிக்கு மாற்றுங்கள், அப்புறம் போன்.

கன்னடமும் கற்றுக்கொள்ளுங்கள். ‘நோவு இதெயா’ என்று கேட்டால் வலி இருக்கிறதா என்று பொருள். அவ்வளவு பக்கம். நோயாளிக்கும் மெஷினுக்கும் நடுவில் நிற்பது நீங்கள் என்றால், நோயாளியின் மொழி முதலில் வேண்டும்.

ஏஐ வந்தால் நர்ஸ் வேலை போய்விடுமா?

பெற்றோர்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். நோயாளியைத் திருப்பிப் போடவும், புண்ணைக் கழுவவும், பயந்து நிற்கும் மகனிடம் நிலைமையைச் சொல்லவும் ஆள்தான் வேண்டும். ஆனால் எழுத்து வேலையும் எச்சரிக்கை தரும் வேலையும் மாறும். அந்த எச்சரிக்கை எதை வைத்து வருகிறது என்று கேட்கத் தெரிந்த நர்ஸுக்கு மதிப்பு கூடும்.

வாட்ஸ்அப்பில் நோயாளியின் ரிப்போர்ட்டைப் படமெடுத்து அனுப்பலாமா?

வேண்டாம். உங்கள் சொந்தப் போனில் நோயாளியின் முகமோ ரிப்போர்ட்டோ இருக்கக் கூடாது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்துவிட்டது. மருத்துவமனை கொடுத்த வழி மெதுவாக இருக்கிறதென்றால் ஐடி பிரிவிடம் எழுதிக் கொடுங்கள்.

இப்படிப் பல துறையினர் சேர்ந்து செய்தது பெங்களூரில் ஏதாவது இருக்கிறதா?

நிறைய. இஸ்ரோவின் தலைமையகம் இங்கே இருப்பதால் செயற்கைக்கோள் வழி மருத்துவம் கர்நாடகத்துக்கு முன்பே வந்தது. 2000-களின் தொடக்கத்தில் சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனையைப் பெங்களூரின் நாராயண ஹிருதயாலயாவோடு இணைத்தார்கள். திரையின் இந்தப் பக்கம் இதய மருத்துவர். அந்தப் பக்கம் நோயாளியோடு நின்று சொல்வதும் செய்வதும் அங்கிருந்த டாக்டரும் நர்ஸும்தான்.

இன்றைக்கு மனநல உதவிக்கான டெலி மானஸ் என்ற தொலைபேசிச் சேவை. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. எண் 14416. இங்குள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் தலைமை மையம், தொழில்நுட்பம் பெங்களூர் சர்வதேசத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தின் பொறுப்பு. தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். மனநலம் தெரிந்தவர்களும் மென்பொருள் தெரிந்தவர்களும் சேராமல் இது நடந்திருக்காது. எங்கள் மாணவர்களுக்கு நான் சொல்வது: அந்த எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். நோயாளிக்கும் உதவும், இரவு ஹாஸ்டலில் அழும் தோழிக்கும் உதவும்.

எங்கள் கல்லூரி சின்னது. சிமுலேஷன் லேபும் இல்லை, இன்ஜினியரிங் கல்லூரியும் பக்கத்தில் இல்லை. நாங்கள் என்ன செய்வது?

லட்சக்கணக்கில் விலை போகும் பொம்மை நோயாளி இல்லாமலேயே நாங்கள் ஆரம்பித்தோம். ஒரு கட்டில், பழுதாகி ஒதுக்கிய ஒரு பம்ப், நோயாளியாகப் படுக்க ஒரு மாணவி. அது போதும்.

நீங்கள் போஸ்டிங் போகும் மருத்துவமனையில் ஃபார்மசியும் பயோமெடிக்கல் பிரிவும் இருக்கும். உங்கள் ஆசிரியரிடம் சொல்லி ஒரு நாள் அனுமதி வாங்கி, ஃபார்மசிஸ்ட் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்காருங்கள். மருந்துச் சீட்டில் அவர் எந்த இடத்தில் நிறுத்தி யோசிக்கிறார் என்று பாருங்கள். கம்ப்யூட்டர் நின்றுபோனால் வார்டு எப்படி நடக்கும் என்று இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேளுங்கள். காகிதப் படிவம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரிய வேண்டும்.

அப்புறம் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எந்தக் கருவி தொல்லை கொடுத்தது, எந்த அலாரம் காரணமில்லாமல் அடித்தது, அதை யார் எப்படிச் சமாளித்தார்கள் என்று நாலு வரி. நோயாளி பெயர் வேண்டாம். மாதக் கடைசியில் அதை எடுத்துக்கொண்டு பயோமெடிக்கல் அறைக்குப் போங்கள். சாயங்காலம் டீ நேரத்தில் போனால் நின்று பேசுவார்கள். மதியம் 2 மணிக்கு, ஷிப்ட் மாறும் நேரத்தில் மட்டும் போகாதீர்கள்.